கிட்டாருக்கு ஜலதோஷம்

கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் ஒருவன் முதன்முதலாக ஒரு டப்பாவை வைத்த நாளில் மனித நாகரிகம் சரியத் தொடங்கியது. அதற்கு முன்னால் போர்கள் நடந்தன, கொள்ளைநோய்கள் வந்தன, பேரரசுகள் விழுந்தன. அவையெல்லாம் சில்லறைத் தவறுகள், திருத்திக்கொள்ளலாம். டப்பா அப்படியல்ல. டப்பா ஆன்மாவில் கை வைக்கிறது.

இதைச் சொன்னவன் என் சித்தி மகன். சொல்லும்போது எங்கள் வீட்டு முன்னறையில், நாற்காலிகளையெல்லாம் காய்ந்த துணிகள் பிடித்துக்கொண்டதால், சலவைக் கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு, யாரும் பயன்படுத்துவதில்லை. கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் ஒரே ஒரு கம்பிதான் இருக்கவேண்டும் என்ற கொள்கையை அவன் கண்டடைந்த நாள் முதல் அவன் பெயர் கம்பி. என்னைவிட மூத்தவன் என்பதால் நான் மட்டும் கம்பி அண்ணன் என்பேன். மரியாதை குறையக் கூடாதல்லவா.

அந்தக் கம்பியைப் பற்றியும் சொல்லவேண்டும். பழைய தொலைபேசி வயர் மாதிரி சுருள் சுருளாக இருக்கும். வாசித்து முடித்ததும் கண்ணாடி துடைக்கும் துணியால் அதைத் துடைத்து, சுருட்டி, பைக்குள் படுக்கவைப்பான். ஒரு முனையில் சிவப்பு நூல் கட்டியிருக்கும். அந்த முனைதான் கிட்டாரில் போகவேண்டும். மாற்றிச் சொருகினால் எலக்ட்ரான்கள் மேடேறி வரவேண்டியிருக்குமாம், சுரத்துக்கு மூச்சு வாங்குமாம்.

"நான் எலக்ட்ரானிக்ஸ்தான் படிக்கிறேன். அப்படி ஒரு பாடம் எங்களுக்கு இல்லையே" என்றேன் ஒருமுறை.

"அதான் உங்க காலேஜ் லட்சணம்" என்றான்.

 எங்கள் கல்லூரியைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் அதில் பாதியாவது உண்மையாக இருக்கும்.

அன்று நாகரிகத்தின் சரிவைப் பற்றிப் பேச்சு எழுந்ததற்குக் காரணம் என் அக்கா. வெந்நீர்க் கருவிகள் விற்கும் ஒரு நிறுவனத்தின் புகார் பிரிவில் அவளுக்கு வேலை. காலை முதல் மாலை வரை, குளிக்கப் போய் ஏமாந்தவர்கள் தொலைபேசியில் கத்துவார்கள். "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று அக்கா சொல்வாள். சொல்லிச் சொல்லி நாக்கில் ஒட்டிக்கொண்டது. வீட்டில் தட்டு கீழே விழுந்தாலும் அதைத்தான் சொல்கிறாள். மாலையில் வந்து கிட்டாரை எடுத்தால் மட்டும் யாருக்காகவும் வருந்துவதில்லை. நன்றாகவே வாசிப்பாள். தம்பி என்பதால் இதை நான் அவளிடம் சொன்னதில்லை.

ஒரு நாடகக் குழு, ஊர் ஊராகப் போய் நடத்துகிற குழு, கிட்டார் வாசிக்க ஆள் தேடியது. ஒரே ஓர் இடம், மாதச் சம்பளத்தோடு. அக்காவும் போனாள், கம்பியும் போனான். அந்தக் குழுவின் இசையமைப்பாளர் ஒரு நடுவயது அம்மா. எல்லோரையும் கேட்டுவிட்டு, இந்த இரண்டு பேரை மட்டும் சனிக்கிழமை மறுபடி வரச் சொல்லியிருந்தார். கம்பியிடம், "நல்லா வாசிக்கிறீங்க, கொஞ்சம் கம்மியா பேசுங்க" என்றாராம். அக்காவிடம், "நீங்க இன்னும் நல்லா வாசிக்கிறீங்க. ஆனா உங்க கிட்டாருக்கு ஜலதோஷம். அதைச் சரி பண்ணிட்டு வாங்க, இல்லன்னா அரங்கத்துல ஒண்ணும் கேக்காது" என்றாராம்.

ஜலதோஷத்துக்குக் காரணம் அக்காவின் டிலே பெடல். செங்கல்லில் பாதி அளவு, பச்சை வண்ணம், யாரோ மிதித்து மிதித்துப் பழக்கிய டப்பா. ஒரு சுரத்தை வாசித்தால் அதையே மெல்ல மெல்லக் குரலைத் தாழ்த்தித் திருப்பித் திருப்பிச் சொல்லும். எங்கள் துறைத்தலைவரின் உரையும் அந்த முறைதான். நாடகத்தில், ஆளில்லாத சுரங்கத்துக்குள் ஒருத்தி தன் தம்பியைக் கூப்பிடும் காட்சி உண்டு. அதற்கு எதிரொலி இல்லாமல் முடியாது என்று இசையமைப்பாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே டப்பாவைத் தூக்கிப்போடவும் வழியில்லை.

"இதக் கேளு" என்று அக்கா கிட்டாரை நேராக ஆம்ப்ளிஃபயரில் செருகி ஒரு தந்தியைத் தட்டினாள். பிறகு டப்பாவை நடுவில் வைத்து, அதை அணைத்தே வைத்து, அதே தந்தியைத் தட்டினாள். இரண்டாவது சுரம் கம்பளி போர்த்திக்கொண்டு வந்தது.

"அணைச்சு வச்சாலே இப்படி. ஓட விட்டா இதைவிட மோசம்" என்றாள்.

"நான்தான் சொன்னேன்ல?" கம்பி கூடையின்மேல் நிமிர்ந்தான். "டப்பான்னாலே இதான். அக்கா, நீங்க என்னை மாதிரி நேரா வாசிங்க."

"எதிரொலிக்கு எங்கடா போறது?"

"கையாலயே வாசிக்கணும். ஒரு தடவ பலமா, அப்புறம் மெதுவா, அப்புறம் இன்னும் மெதுவா. நான் அப்படித்தான் வாசிக்கப் போறேன்."

 வெந்நீர் வராதவர்களிடம் பேசும் குரலில், "நல்லது" என்றாள்.

நான் டப்பாவின் முதுகைக் கழற்றினேன். பல்கலைக்கழகத் தேர்வில் "உள்ளீட்டு மின்மறுப்பு என்றால் என்ன?" என்ற கேள்விக்கு, "அது அதிகமாக இருத்தல் நலம்" என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கியவன் நான். எதில் இருக்கும், யாருக்கு நலம் என்று அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அது எங்கள் வீட்டுக்குள்ளேயே, அக்கா காலடியில் கிடக்கும் ஒரு பொருள் என்று அன்றுதான் தெரிந்தது.

விஷயம் இவ்வளவுதான். கிட்டாரிலிருந்து வரும் மின்சாரம் பரம ஏழை. டப்பாவின் வாசலில் அதற்காக ஒரு ரெசிஸ்டர் உட்கார்ந்திருக்கும், தரைக்குப் போகிற பக்கவழியைப் பார்த்துக்கொண்டு. அரிசியைவிடச் சற்றுப் பெரிய சாமான். அதன் மதிப்பு குறைவாக இருந்தால் பக்கவழி அகலமாகிவிடும். வருகிற சத்தத்தில் ஒரு பகுதி உள்ளே போகாமல் அந்த வழியே தரையில் போய்ப் படுத்துக்கொள்ளும். அதிலும் முதலில் படுப்பது பளபளப்பான மேல்பகுதிதான். இந்த டப்பாவில் இருந்தது ஒரு லட்சம் ஓம். இருக்கவேண்டியது பத்து லட்சம். டப்பாவை அணைத்தாலும் இந்த வாசற்காவலன் வேலையை விட்டுப் போவதில்லை என்பதால் அப்போதும் சத்தம் மங்கும். ஆக, ஒன்றை எடுத்துவிட்டு ஒன்றை வைத்தால் போதும்.

"அந்த அரிசிய மாத்தினா சத்தம் மாறிடுமா?" கம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அதுக்குப் பதிலா ஒரு தாயத்து கட்டி விடு. ஈயத்தக் காய்ச்சிக்கிட்டுப் புகைக்கு முன்னால தவம் கிடக்கிற கூட்டம்டா நீங்க. இத்தனை பேர் உருக்கி ஊத்தியும் எவனுக்காவது ஒரு நல்ல சுரம் வந்திருக்கா?"

இஸ்திரி மேஜைதான் அறுவைசிகிச்சைக் கூடம். பழைய ரெசிஸ்டரின்மேல் பழுப்பு, கறுப்பு, மஞ்சள் என்று கோடுகள். கடையில் வாங்கி வந்த புதியதின்மேல் பழுப்பு, கறுப்பு, பச்சை. எங்கள் முன்னறை பல்பு மஞ்சள் வெளிச்சம் தரும் ஜாதி. அதன் கீழே மஞ்சளும் பச்சையும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். பழையதை உருக்கி எடுத்தேன், புதியதற்குப் பக்கத்தில் வைத்தேன், கம்பி ஏதோ சொன்னான், நான் திரும்பி அவனுக்கு ஏதோ சொன்னேன், பிறகு ஒன்றை எடுத்து உள்ளே வைத்துப் பற்றவைத்தேன். ரெசிஸ்டரின் கால்கள் குட்டையாக இருந்தன. நான்தான் வெட்டினேன்போலிருக்கிறது, என்ன வேகம் எனக்கு, என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

முதுகை மூடினேன். அக்கா செருகி, தந்தியைத் தட்டினாள்.

 சரித்திரம் நடக்கும்போது பேசக்கூடாது.

"ஆகா" என்றேன் நான். "திரைய விலக்கின மாதிரி இருக்கு."

"பளிச்சுன்னு இருக்குல்ல?" என்றாள் அக்கா. இன்னொரு தந்தியைத் தட்டினாள். "ஆமாடா, மேல நல்லா திறந்திருக்கு. எவ்வளவு வித்தியாசம்!"

கம்பி இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். "நாசம் பண்ணிட்டீங்க. கண்ணாடித் துண்டு மாதிரி குத்துது. முன்னாடி ஒரு சூடு இருந்துச்சு, ஒரு சதை இருந்துச்சு. இப்ப வெறும் எலும்பு. பத்து லட்சம் ஓமை உள்ள விட்டா எலும்புதான் மிஞ்சும்."

அரிசியை மாற்றினால் எதுவும் மாறாது என்றவன் இவன்தான் என்பதை நான் நினைவூட்டவில்லை. வெற்றியில் பெருந்தன்மை வேண்டும்.

உள்ளறையில் அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு கிடங்கில் இரவுக் காவல், பகலில் தொடங்கி, பொழுது சாய்ந்து வேலைக்குக் கிளம்பும்வரை உறக்கம். அக்கா அந்த டப்பாவை வாங்கிய நாளிலிருந்து, வாசிப்பு சாத்திய கதவைத் தாண்டி அவரை எழுப்பியதே இல்லை. அன்றும் உள்ளேயிருந்து வந்த குறட்டை ஒரு தாளம்கூடப் பிசகவில்லை. இருந்ததிலேயே உருப்படியான சாட்சியம் அதுதான். எங்களில் ஒருவரும் அதைக் காதில் வாங்கவில்லை.

மறுநாள், சனிக்கிழமை காலை நான் ரொட்டி தின்றுகொண்டிருந்தபோது அக்கா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"இது என்னடா?"

முழங்கைப் பக்கம் என் சட்டையில், பற்றவைக்கும் பசையில் ஒட்டிக்கொண்டு, ஒரு ரெசிஸ்டர். சட்டையை அடிக்கடி மாற்றும் பழக்கம் எனக்கு இல்லாததால் தடயம் அழியாமல் இருந்தது. அக்கா அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். பழுப்பு, கறுப்பு, பச்சை. இரண்டு கால்களும் நீளமாக, ஈயம் படாமல், கடையிலிருந்து வந்த கோலத்தில் இருந்தன.

"அப்ப உள்ள இருக்கிறது?"

நான் ரொட்டியை மென்றேன்.

"டேய். உள்ள இருக்கிறது என்னது?"

"அதேதான்னு நினைக்கிறேன்."

"எது அதே?"

"எடுத்தது எதுவோ அது."

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள், துணிகளின் மேலேயே. "பளிச்சுன்னு இருக்குன்னு நான்தானடா சொன்னேன்" என்றாள் மெதுவாக. "மேல திறந்திருக்குன்னு வேற சொன்னேன்."

"நான் திரையெல்லாம் விலக்கினேன்க்கா."

அவள் சிரிக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் கிளம்பவேண்டும். அந்த அரங்கத்தில் மறுபடி ஜலதோஷத்தோடு போய் நின்றால், திங்கட்கிழமை காலை வெந்நீர் வராத முதல் ஆளிடம் வருத்தம் தெரிவிக்கவேண்டியதுதான், அதற்கடுத்த திங்கட்கிழமையும். அவள் எழுந்து இஸ்திரி மேஜையை ஜன்னலோரம் இழுத்தாள். சாலிடரிங் கருவியை நான் எடுக்கப் போனேன். என் கையில் ஓர் அடி வைத்தாள். "நீ லைட்டப் பிடி. வேற எதையும் தொடாத" என்றாள்.

ஜன்னல் வெளிச்சமே போதும் என்பதால் நான் லைட்டை வெறுமனே பிடித்துக்கொண்டு நின்றேன். பழையதை எடுத்ததும் அதை வாசலுக்கு வெளியே வீசவில்லை அவள். புகார் பிரிவில் ஆதாரத்தை வீசுவதில்லை. தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, புதியதைப் பற்றவைத்து, முதுகை மூடிக்கொண்டிருந்தபோது கம்பி வந்து சேர்ந்தான், தோளில் கிட்டாரும் மார்பில் கம்பியுமாக. இருவரும் ஒன்றாகப் போவதாகப் பேச்சு. போட்டி வேறு, ஆட்டோவைப் பகிர்ந்துகொள்வது வேறு.

"உக்காரு" என்றாள் அக்கா. நடந்தது எதையும் சொல்லவில்லை. செருகி, தந்தியைத் தட்டினாள்.

எனக்கு ஏதோ கேட்டது. ஆனால் என் காதை நம்புகிற நிலையில் நான் இல்லை.

"எப்படி இருக்கு?" என்று கம்பியிடம் கேட்டாள்.

"நேத்து எப்படியோ அப்படித்தான். அதே கண்ணாடித் துண்டு" என்றான் அவன், கண்ணை மூடி, அனுபவித்து. "எனக்கு ஒரு தடவ கேட்டா போதும் அக்கா, ஜென்மத்துக்கும் மறக்காது."

உள்ளறைக் கதவு திறந்தது. அப்பா கைலியை இழுத்துக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். தலைமுடி ஒரு பக்கமாகப் படுத்திருந்தது, மனிதர் நிமிர்ந்திருந்தார்.

"என்னடி பண்ணித் தொலச்ச? இத்தனை நாளா கதவச் சாத்தினா நிம்மதியா இருந்துச்சு. இன்னைக்குக் காதுக்குள்ளயே வந்து உக்காந்துக்கிட்டு வாசிக்கிற!"

"நேத்து கேக்கலயாப்பா?"

"நேத்து நல்லாத்தான தூங்கினேன்? நேத்து இருந்த மாதிரியே வச்சுக்கோ. மனுசன் பொழைக்கணும்."

கதவு படாரென்று சாத்திக்கொண்டது. அக்கா சட்டைப் பையிலிருந்து மஞ்சள் கோடு போட்டதை எடுத்துக் கம்பியின் உள்ளங்கையில் வைத்தாள். "நேத்து உள்ள இருந்தது இதுதான். பழசு. மாத்தவே இல்ல. இன்னைக்குத்தான் மாத்தினேன்."

கம்பி அதை உள்ளங்கையில் உருட்டினான். பிறகு, "நேத்து காத்துல ஈரம் அதிகம்" என்றான்.

அரங்கம் பெரியது. நாற்காலிகள்மேல் உறை போட்டிருந்தார்கள். இசையமைப்பாளர் நடுவில் ஒரே ஒரு நாற்காலியின் உறையை மட்டும் விலக்கி உட்கார்ந்திருந்தார். நான் கடைசி வரிசைக்குப் போனேன். ஆம்ப்ளிஃபயரை மேடையின் ஓர் ஓரத்தில் வைத்திருந்தார்கள், வாசிப்பவர் நிற்கவேண்டியது மறு ஓரத்தில்.

முதலில் கம்பி. சுருள் கம்பியை முழுதாக இழுத்தும் அது பாதி மேடைதான் வந்தது. இன்னும் இரண்டடி போய்ப் பார்த்தான். அது அவனைப் பின்னால் இழுத்தது. இன்னும் ஓரடி. கிட்டாரிலிருந்து முனை கழன்று, சிவப்பு நூலோடு, மேடைக்குக் குறுக்கே பறந்து ஆம்ப்ளிஃபயர் காலடியில் போய்ச் சுருண்டு படுத்தது.

"பரவால்ல" என்றார் இசையமைப்பாளர். "எங்ககிட்ட நீள வயர் இருக்கு, அதையும் சேத்துப் போட்டுக்குங்க."

சேர்த்துப் போட்டு வாசித்தான். விரல் வேகமெல்லாம் குறைவில்லை. ஆனால் அவ்வளவு நீளக் கம்பியைக் கடந்து வந்து சேர்ந்த சத்தம் மூக்கடைத்துப் போயிருந்தது. கம்பி நீண்டால் அதுவும் மேல்சத்தத்தைத் தின்னும். அவன் சொல்லிக்கொண்டிருந்த சூடும் சதையும் இத்தனை நாளாக இதுதான். சுரங்கக் காட்சி வந்தது. ஒரு சுரத்தைப் பலமாக வாசித்தான், பிறகு மெதுவாக, பிறகு இன்னும் மெதுவாக.

"ஏன் தம்பி, அங்கேயே மாட்டிக்கிட்டீங்க?" என்றார் இசையமைப்பாளர்.

"எதிரொலிங்க. கையாலயே பண்றது."

"ஓ." அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "உங்க கிட்டாருக்கும் ஜலதோஷம் ஒட்டிக்கிச்சு போல. ஒண்ணு பண்ணுங்க, உங்க அக்காவோட டப்பாவ உங்ககிட்ட வச்சு, அதிலிருந்து நீள வயர் போகட்டும். எதிரொலிய முழுசா குறைச்சிட்டு டப்பாவ மட்டும் ஓட விடுங்க. அது சத்தத்த வாங்கிப் பலமா தள்ளும்."

அக்கா டப்பாவை நீட்டினாள். உண்மையாகத்தான் நீட்டினாள். அவன் அதைப் பார்த்தான், அவரைப் பார்த்தான்.

"மன்னிக்கணும். கொள்கை" என்றான்.

"சரி" என்றார் அவர். "அடுத்து."

அக்கா டப்பாவைக் காலடியில் வைத்து, எதிரொலியை முழுதாகக் குறைத்து, ஓட விட்டாள். அவள் முதல் சுரத்தை வாசித்தபோது கடைசி வரிசையில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தந்தியில் அவள் விரல் நகரும் உரசல்கூட என் காதருகே கேட்டது. சுரங்கக் காட்சியில் குனிந்து எதிரொலியைக் கூட்டினாள். சுரம் போனது, இருட்டில் எங்கோ சுவரில் பட்டது, திரும்பியது, மறுபடி போனது. கூப்பிட்ட குரலுக்குத் தம்பி பதில் சொல்லவில்லை. நான் வாயைத் திறக்கப் பார்த்தேன். இதை யாரிடமும் சொல்லப்போவதில்லை.

நடுவில் ஓரிடத்தில் தப்பாக வாசித்தாள். அதுவும் ஒளிவுமறைவில்லாமல் கேட்டது.

இசையமைப்பாளர் எழுந்து மேடைவரை வந்தார். "சளி போயிடுச்சு" என்றார். "தப்பும் எவ்வளவு சுத்தமா கேட்டுச்சு, பாத்தீங்களா? திங்கக்கிழமை ஒத்திகைக்கு வந்திடுங்க."

"உங்கள் சிரமத்துக்கு" என்று தொடங்கிய அக்கா, நாக்கைக் கடித்து நிறுத்தினாள். பிறகு டப்பாவை இரண்டு கையாலும் தூக்கி மார்போடு வைத்துக்கொண்டாள்.

வீடு திரும்பும்போது ஆட்டோவில் கம்பி, டப்பாக்களின் கையில் சிக்கிய கலையின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தான். ஓட்டுநர் வானொலியைச் சத்தமாக வைத்தார்.

அக்கா குழுவோடு கிளம்பிப்போன பிறகு ஒரு மத்தியானம் வீட்டில் ஏதோ தீய்ந்த வாடை. அப்பா கதவைத் திறந்து, "வயர் எரியுதா பாரு" என்று என்னிடம் சொல்லிவிட்டு மறுபடி படுத்துவிட்டார். வயர் எதுவும் எரியவில்லை. சாலிடரிங் கருவியைத்தான் காணோம். வாடை குளியலறைப் பக்கமிருந்து வந்தது, கதவிடுக்கில் மெல்லிய புகையோடு. தாழ்ப்பாள் சரியாக விழாத கதவு, தள்ளினேன்.

எப்போது வந்தானோ, கம்பி கவிழ்த்துப்போட்ட வாளியின்மேல் உட்கார்ந்திருந்தான். முழங்காலில் ஒரு மிட்டாய் டப்பா. அதற்குள் சின்னதாக ஒரு பலகை, ஒரு டிரான்சிஸ்டர், இரண்டு மூன்று அரிசிகள். டப்பாவின் ஒரு பக்கத் துளையில் சிவப்பு நூல் கட்டியாகிவிட்டது.

 புகை எங்களுக்கு நடுவில் எழுந்து ஜன்னலைத் தேடிப் போனது. கேலிக்கு என்னிடம் ஏழெட்டு வாக்கியங்கள் தயாராக இருந்தன. எதிலிருந்து தொடங்குவது என்று யோசிப்பதற்குள் அவன் உள்ளங்கையை நீட்டினான். அதில் இரண்டு ரெசிஸ்டர்கள்.

"டேய்" என்றான், சுவருக்குக்கூடக் கேட்காத குரலில். "பத்து லட்சத்துக்கு மஞ்சளா, பச்சையா?"

"பச்சை" என்றேன்.

அவன் இரண்டையும் குளியலறையின் மஞ்சள் பல்புக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். பிறகு வாளியோடு நகர்ந்து, ஜன்னலுக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டான்.